மீதிப் பதினோரு விளக்குகள்

சூளகிரி
20.8.2024

தம்பி அஜித்துக்கு,

நேற்றும் வந்தேன். விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வந்து, சிறை வாசலில் மனு எழுதிக் கொடுத்து, பதினொன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் வந்த காவலர், "உங்க தம்பி பாக்க மாட்டேன்னுட்டாரும்மா" என்றார். இது நான்காவது தடவை. கம்பெனியில் லீவு கேட்டுக் கேட்டு என் நாக்கே தேய்ந்துவிட்டது. முகத்தைத்தான் காட்ட மாட்டேன் என்கிறாய், எழுத்தையாவது படி.

ஜாமீன் கிடைப்பது பெரிய விஷயமே இல்லை என்கிறார் வக்கீல் பொன்னுசாமி. நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். வெளியே போகச் சொன்னாலும் போக மாட்டேன் என்கிற ஆளை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்று என்னிடம் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பாட்டு ரெக்கார்டை வெட்டி நீ செய்து கொடுத்த விளக்கு சுவரிலேயே பற்றி, அந்தப் புகையில் தொரப்பள்ளி நஞ்சம்மா போய்ச் சேர்ந்தார். ஜூன் மாதத்திலிருந்து இதைத் தவிர நான் வேறு எதையும் நினைக்கவில்லை. ஆனால் நீ உள்ளே கிடந்து உடம்பை வருத்திக்கொண்டால் அவர் எழுந்து வந்துவிடுவாரா?

குருபரப்பள்ளிக் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உன் ரம்பம், அக்ரிலிக் தகடு, லைட்டுப் பட்டைச் சுருள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெட்டாத ரெக்கார்டுகள் மட்டும் எண்பதுக்கு மேல் இருந்தன. லாவண்யா அவற்றைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டு, "மாமா வந்தா எது எங்க இருக்குன்னு கேக்கும்" என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிற நேரத்தில் இந்த வேலை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் போன் போலீஸிடம் இருக்கிறது, ஆர்டரெல்லாம் அதில்தான் இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் நீ யார் யாருக்கு விளக்கு கொடுத்தாய்? பெயர், ஊர், தெரு எதுவானாலும் ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுது. சும்மாதான். ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
மாதேஸ்வரி


29.8.2024

அக்கா,

இனிமேல் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் வீட்டுக்கு வர ஆசை வந்துவிடும். அந்த ஆசை எனக்கு வரக் கூடாது. ஜாமீனும் அதனால்தான் வேண்டாம். வக்கீலிடம் சிரித்தது போதும் என்று சொல்.

பெயரும் ஊரும் தர மாட்டேன். நீ போய்க் கதவைத் தட்டி, விளக்கைப் பார்க்க வந்தேன் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கல்யாணத்துக்கு வாங்கியிருக்கிறார்கள், பிள்ளை பிறந்ததற்கு வாங்கியிருக்கிறார்கள். ஒன்று பற்றிக்கொண்டது, அது என் கைப்பிசகு. மற்றவை ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கின்றன. நான் செய்ததில் உருப்படியாக மிச்சமிருப்பது அவைதான். அவற்றையும் ஏன் கழற்றப் பார்க்கிறாய்?

இங்கே பகலில் தோட்ட வேலை கொடுக்கிறார்கள். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே நான் அந்த விளக்கை மனதுக்குள் பிரிப்பேன். தட்டைக் கழற்றுவேன், பட்டையை உரிப்பேன், பற்றவைத்த ஒயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பேன். பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பேன். தினமும் இதுதான். தப்பு எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டால் கொஞ்சம் தூங்குவேன்.

லாவண்யாவை ரெக்கார்டுகளைத் தொடவிடாதே. பேரீச்சம்பழக்காரன் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிடு.

அஜித்


சூளகிரி
8.9.2024

அஜித்துக்கு,

பேரீச்சம்பழத்துக்குப் போடு என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெங்களூர்ச் சந்தைக்குப் போய், குப்பைபோலக் குவித்து வைத்திருந்ததில் கை விட்டுத் துழாவி வாங்கி வந்தவன் நீ. பாட்டு பாடாத தட்டை எதற்குடா தூக்கி வருகிறாய் என்று கேட்டால், "பாடாததாலதான்க்கா நான் வெட்டறேன், பாடறத வெட்டுவனா" என்பாய். அவற்றை நான் போட மாட்டேன்.

போன புதன்கிழமை தொரப்பள்ளிக்குப் போனேன். நஞ்சம்மா மகன் கௌதம் வீட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஜன்னலுக்கு மேலே சுவர் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, வெள்ளையடிக்கவில்லை. கால் அதற்கு மேல் போகவில்லை. யாரைப் பார்க்கணும் என்று ஒரு பெண் கேட்டாள். வழி தவறிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அந்தப் பெயர்களை எனக்குக் கொடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே. ஒயர் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். உன் பெயர் கெடும்படி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நான் ஒன்பது வருஷம் சோதனை லைனில் நின்றவள், எனக்கும் கொஞ்சம் தெரியும்.

கம்பெனியில் பெர்மனன்ட் ஆக்குகிறவர்களின் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் ஆர்டர் கொடுப்பார்களாம். உன் மாமா போன பிறகு இந்த ஏழு வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். சந்தோஷமாக எழுத வேண்டிய செய்தி. பேனா நகர மாட்டேன் என்கிறது.

இன்னும் ஒன்று எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உனக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும், பிறகு எழுதுகிறேன்.

அக்கா


20.9.2024

அக்கா,

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் 'மின்கசிவு' என்று ஒரே வார்த்தை. எல்லாம் உருகிக் கட்டியாகிவிட்டதால், தீ எதிலிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாதாம். அவர்களால் முடியாது. என்னால் முடியும்.

கௌதம் கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அவர் அப்பா கங்கப்பன் அந்தக் காலத்தில் கல்யாணங்களுக்கு மைக்செட் போட்டவர். அவர் வைத்திருந்த ரெக்கார்டில் ஒன்றையே எடுத்து வந்தார். கீறல் விழுந்து ஊசி நிற்காத தட்டு. "அப்பா முகத்த இதுலயே வெட்டிக் குடுங்க. அம்மா படுத்த எடத்துலேருந்து பாக்கணும்" என்றார். நஞ்சம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று அப்போதுதான் சொன்னார்.

மூன்று நாள் வேலை. மீசைக்கு மட்டும் ஒரு நாள். ரம்பம் சூடேறினால் தட்டு இளகி ஒட்டிக்கொள்ளும், நாலு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீர் தொட வேண்டும். தலைப்பாகை மடிப்பெல்லாம் நூல் கனம்தான். நடுவில் இருக்கிற சிவப்பு வட்டக் காகிதத்தை வெட்டாமல் அவர் நெற்றிக்கு நேராக வரும்படி அமைத்தேன். நானே போய் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். அந்த அம்மா நல்ல கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார். எனக்குக் கர்வமாக இருந்தது அக்கா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கடைக்குத் திரும்பும்போது வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன்.

தப்பை இப்போது பிடித்துவிட்டேன். மற்ற விளக்குகளுக்குப் பின்னால் காற்றுப் போக விரற்கடை இடம் விடுவேன். இதற்கு விடவில்லை. முகம் சுவரிலேயே இருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்று ஒட்ட வைத்து மாட்டினேன். அழகுக்காகச் செய்தது. பசையைச் சந்தேகப்பட்டேன், பற்றவைத்ததைச் சந்தேகப்பட்டேன், பட்டையைச் சந்தேகப்பட்டேன். கரண்டைக் குறைத்துப் பட்டைக்குக் கொடுக்கிற அந்த டிரைவர் டப்பாவை மட்டும் சந்தேகப்படவில்லை. அது நீ கொடுத்தது.

அக்டோபர் 15 வாய்தா. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். வக்கீலை வாதாட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கௌதம் அங்கே வருவார். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

நீ பெர்மனன்ட் ஆகப் போவது இந்த வருஷத்தில் நடந்த ஒரே நல்ல காரியம். போலீஸில் டிரைவர் பெங்களூர் மார்க்கெட்டில் வாங்கியது என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனிச் சாமானை எடுத்து வந்தாய் என்று உன் மேல் ஒரு சொல் வரக் கூடாது.

அஜித்


சூளகிரி
5.10.2024

தம்பி,

உன் கையில் தப்பில்லை. விரற்கடை இடம் விட்டிருந்தாலும் அது பற்றியிருக்கும். தப்பு நான் கொடுத்த டிரைவரில்தான்.

எங்கள் லைனில் ஒவ்வொரு டிரைவரையும் எட்டு மணி நேரம் விடாமல் ஓடவிட்டுச் சோதிப்போம். கூட்டில் கீறல் மட்டும் இருந்தால் மஞ்சள் ஸ்டிக்கர். சூடு அளவு மீறினால் சிவப்பு மை. இரண்டுமே நசுக்குகிற தொட்டிக்குத்தான் போகும். இரண்டு வருஷமாக டிபன் கேரியரில் போட்டு உனக்குக் கொண்டுவந்தது எல்லாம் மஞ்சள். நசுக்கிப் போடுகிற பொருள்தானே, கீறலால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தேன். அது உனக்கும் தெரியும்.

ஏப்ரலில் பன்னிரண்டு வேண்டும், அவசரம் என்றாய். அந்த வாரம் மஞ்சள் ஒன்றுகூட விழவில்லை. சிவப்பு இருந்தது. அந்த லாட் முழுக்க ஆறு மணி நேரம் வரை ஒழுங்காகத்தான் இருந்தது, அதற்கு மேல்தான் சூடேறியது. வீட்டில் அழகுக்கு மாட்டுகிற விளக்கை எவர் ஆறு மணி நேரம் எரியவிடப் போகிறார், பொழுது சாய்ந்து ரெண்டு மணி நேரம் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். கம்பெனிக் கழிப்பறையில் நின்று, தின்னரில் பஞ்சை நனைத்துச் சிவப்பு மையைத் துடைத்தேன். உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய். அதனால் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்ற திமிர்தான், வேறு என்ன சொல்ல?

நெருப்பு என்று கேள்விப்பட்ட நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது வாசலில்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. லாவண்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லலாம், ஜாமீனில் வந்ததும் சொல்லலாம் என்று தள்ளினேன். நீ ஜாமீன் வேண்டாம் என்றாய். உன் கடிதத்தில் நீ விளக்கைப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பதைப் படிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன்.

பன்னிரண்டில் ஒன்று தொரப்பள்ளியில் எரிந்தது. மீதிப் பதினொன்று யார் வீட்டிலோ மாட்டியிருக்கிறது. அதற்குத்தான் பெயர்களைக் கேட்டேன். இப்போதாவது கொடு.

பதினைந்தாம் தேதி ஒப்புக்கொள்ளாதே. நான் கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, ஒப்புக்கொள்ள மட்டும் செய்யாதே.

மாதேஸ்வரி


18.10.2024

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மேலே ஐந்தாம் தேதி போட்டிருக்கிறாய். தபால் முத்திரையில் பத்து. ஐந்து நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய் வந்தாயா? பிறகு ஆயுத பூஜை, விஜயதசமி, ஞாயிறு என்று அது எங்கோ கிடந்தது. பதினைந்தாம் தேதி நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரு வருஷம். கோர்ட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, நீ வரவும் இல்லை.

அன்றைக்கு வராந்தாவில் கௌதம் என் பக்கத்தில் வந்தார். காவலர்கள் தடுக்கவில்லை. "என் வேலையிலதான் தப்புங்க. அம்மாவ நான்தான் கொன்னேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்தேன். அன்று இரவு நான்கு மாதத்துக்குப் பிறகு தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. ஏமாற்றி வாங்கிக் குடித்த தண்ணீர் ஆகிவிட்டது அது.

உன் மேல் கோபமா என்றால் கோபம் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கைகளை நான் நான்கு மாதம் வெறுத்தேன். தட்டில் சோறு பிசையும்போதுகூடப் பார்க்காமல் பிசைந்தேன். இப்போது இவை நல்ல கைகள் என்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கென்று ஒரு அக்கா இருந்தாள், அவள் கொடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். கை திரும்பி வந்தது, அந்த அக்கா போய்விட்டாள்.

பெயர்களை எழுதுகிறேன், உடனே போ. ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் புதிதாகத் திறந்த பேக்கரியில் இரண்டு, கல்லாவுக்குப் பின்னால். சூளகிரியில் சரஸ்வதி டீச்சர் வீடு, அவர் மகள் கல்யாண விளக்கு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பைக் மெக்கானிக் ஆனந்த், தன் வண்டியின் உருவத்தைத் தட்டில் வெட்டச் சொன்னவர். குருபரப்பள்ளி டோல்கேட் தாண்டி தாபா வைத்திருக்கிற பாலாஜி மூன்று வாங்கினார், கண்டிப்பாக இரவெல்லாம் போட்டிருப்பார், முதலில் அங்கே போ. பாப்பம்மா என்கிற நர்ஸ் ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிறார். ஜிம் வைத்திருக்கிற பெரியதம்பிக்கு இரண்டு. கடைசியாக முத்துமணி. தெற்கத்திக்காரர், உங்கள் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் வேலை, சூளகிரி பெருமாள் கோயில் பின்னால் வரிசை வீட்டில் குடியிருந்தார். அவர் மகள் முகம்.

மேல்முறையீடு என்று வக்கீல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நீயும் வராதே. முன்பு வேண்டாம் என்ற காரணம் வேறு.

அஜித்குமார்


சூளகிரி
11.11.2024

தம்பி அஜித்துக்கு,

கோர்ட்டுக்கு வந்தேன். கேட் வரைக்கும் வந்தேன். வண்டியிலிருந்து உன்னை இறக்கியதைப் பார்த்தேன், எவ்வளவு இளைத்துவிட்டாய். கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும், நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். தாபாவில் மூன்றும் இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. கழற்றும்போது ஒன்றின் பின்பக்கம் விரல் வைக்க முடியவில்லை, சுவர் பழுப்பேறியிருந்தது. பேக்கரிக்காரர், "நல்லாத்தானே எரியுது, எதுக்குக் கழட்றீங்க" என்று சண்டைக்கே வந்துவிட்டார், நெருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவரே ஏணி போட்டு ஏறினார். சரஸ்வதி டீச்சர் மகள், தட்டையாவது திருப்பிக் கொடுங்கள் என்று அழுதாள், தட்டைக் கொடுத்துவிட்டு டிரைவரை மட்டும் வெட்டி எடுத்து வந்தேன். நர்ஸம்மாவும் ஆனந்தும் ஜிம்காரரும் உடனே கொடுத்துவிட்டார்கள். எல்லாரிடமும் என் பெயரைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பத்து கைக்கு வந்துவிட்டது.

பிறகு தொரப்பள்ளிக்குப் போனேன். இந்தத் தடவை தெருமுனையில் நிற்கவில்லை. கௌதம் வெளியேதான் இருந்தார். மஞ்சள், சிவப்பு, தின்னர், ஆறு மணி நேரம் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.  அவர் சொன்னார்: "லைட்ட நிறுத்துனா அம்மா அழுவாங்கக்கா. பேச்சு வராது, கண்ணுல தண்ணி மட்டும் ஊத்தும். அதனால நாங்க நிறுத்தறதே இல்ல. மூணு வாரமா ராத்திரி பகலு எரிஞ்சிக்கினே இருந்துச்சு. செவுரு சூடா இருக்குன்னு என் பொண்டாட்டி சொன்னா, நான்தான் விடுன்னேன். போலீஸ்ல கேட்டப்ப காலைலதான் போட்டோம்னு சொல்லிட்டேன்."

கோர்ட்டில் உன்னிடம் இதைச் சொல்லத்தான் வந்தாராம். வாய் வராமல் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் திரும்பி வந்தேன்.

அழகுக்கு மாட்டுகிற விளக்கு என்று நான் போட்ட கணக்கு எங்கே பிசகியது என்று அங்கேதான் புரிந்தது. பிரியமானவர் முகத்தை எவரும் அணைப்பதில்லை.

முத்துமணி இல்லை. ஆகஸ்டிலேயே வீட்டைக் காலி செய்துவிட்டார். கர்நாடகா பக்கம் வேறு கம்பெனி என்கிறார்கள், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய பழைய கம்பெனியில் விசாரித்தேன், காண்ட்ராக்ட் ஆள், விலாசம் இல்லை என்றார்கள். அவர்கள் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு போனார்களா என்று பக்கத்து வீட்டு நிர்மலாவிடம் கேட்டேன். "அத விட்டுட்டுப் போவாங்களா? பாப்பாவுக்கு இருட்டுன்னா பயம்க்கா. அது எரிஞ்சாத்தான் தூங்கும். விடியற வரைக்கும் எரியும்" என்றாள். அந்தக் குழந்தைக்கு இரண்டரை வயதாம்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். முத்துமணியைத் தேட எனக்கு வழி தெரியவில்லை, போலீஸுக்குத் தெரியும். என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேடுவதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்களோ என்பதுதான் பயம். லாவண்யாவைச் சித்தி வீட்டில் விட்டிருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

நீ அந்தக் குழந்தையின் முகத்தை வெட்டிய நாட்களில் முத்துமணி இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்திருப்பார். எந்த ஊர், எந்தக் கம்பெனி, மச்சான் யார், மாமனார் யார் என்று ஏதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். யோசித்துப் பார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர நான்கைந்து நாள் ஆகும், பதில் வர இன்னும் நான்கைந்து நாள். வக்கீல் வியாழக்கிழமைதான் அங்கே வர முடியும் என்கிறார். அவரிடமாவது சொல்லியனுப்பு.

இன்று காலையும் சிறை வாசலுக்கு வந்து மனு போட்டேன். சீட்டு எழுதி உள்ளே அனுப்பக் கூடாதாம், வாய்வழியாகச் செய்தி சொல்லவும் மாட்டார்களாம். பன்னிரண்டு மணிக்குக் காவலர் வந்து, பார்க்க மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டதாகச் சொன்னார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை அஜித்து. அந்த ஊர்ப் பெயரைக் கேட்கத்தான் வந்தேன்.

மாதேஸ்வரி